ஏழு நிமிசம் அஞ்சு செகண்டு

தம்பி, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு வேணாம். நான் திருமங்கலத்துல எறங்கிருவேன். நீங்க? ராஜபாளையமா, சரி. ஒண்ணு சொல்லிடுறேன், பின்னால ரெண்டு சீட்டு காலியாத்தான் கெடக்கு. ஒங்க டீசர்ட்டப் பாத்துட்டுத்தான் இங்க வந்து ஒக்காந்தேன். மார்ச் மாசம் ரிங் ரோட்டுல நடந்த ஓட்டத்துல குடுத்ததுதானே? இருபத்தொரு கிலோமீட்டரா ஓடுனீங்க? எம்புட்டு நேரம் ஆச்சு?

ரெண்டு மணி முப்பத்தெட்டு நிமிசம். அப்ப கிலோமீட்டருக்கு ஏழு நிமிசம் இருபத்தொம்பது செகண்டு. இருபத்தொண்ணுங்குறது பேச்சுக்குத்தான் தம்பி, அதுக்கு மேல ஒரு நூறு மீட்டர் இருக்கு, அதையும் சேத்து வகுக்கணும். நெறையப் பேரு அத விட்டுட்டுக் கணக்குப் போட்டுட்டு, கடைசில முக்கா நிமிசம் எங்க போச்சுன்னு தேடுவாங்க.

மனக்கணக்குதான். பஸ்ஸ்டாண்டுல டைம் கீப்பர் வேல எனக்கு, இருபத்திரெண்டு வருசமா. எந்த வண்டி எப்ப உள்ள வந்துச்சு, எப்ப வெளிய போச்சுன்னு எழுதுற வேல. மச்சக்காளைன்னு பேரச் சொன்னாலே டிரைவருகளுக்கு வயிறு எரியும். "அண்ணே, ஒரு பெரியவரு கம்பு ஊனி ஏறிக்கிட்டிருந்தாரு, அதான் ரெண்டு நிமிசம்"பாங்க. ஏறட்டும். நான் ஏற வேணாம்னு சொல்லலையே. ஆனா ரெண்டு நிமிசம் ரெண்டு நிமிசந்தானே? எழுதிருவேன்.

அன்னைக்கு மஞ்சக் கொடியோட ஒருத்தன் ஓடுனதப் பாத்தீங்களா? முதுகுல குச்சி கட்டி, அதுல ரெண்டு முப்பதுன்னு எழுதியிருக்கும். ஒங்களுக்கு முன்னால போயிருப்பேன், நாந்தான் அது. பேஸருன்னு சொல்லுவாங்க. ரெண்டரை மணி நேரத்துல முடிக்கணும்னு ஆசப்படுறவங்க, கடிகாரத்தப் பாக்க வேணாம், கணக்குப் போட வேணாம், அந்தக் கொடி பின்னால வந்தாப் போதும். நான் அவங்கள ரெண்டரைக்குள்ள கொண்டுபோய் விட்டுருவேன். வேகமாவும் போகக் கூடாது, மெதுவாவும் போகக் கூடாது. நானா ஓடுனா ஒண்ணு அம்பத்தெட்டுல முடிச்சிருவேன். ஆனா வேகமா ஓடுறது பெரிய விசயமில்ல தம்பி. ஒரே மாதிரி ஓடுறதுதான் கஷ்டம். கிலோமீட்டருக்கு ஏழு நிமிசம் அஞ்சு செகண்டு, இருபத்தோரு தடவ. முடிக்கையில ரெண்டு மணி இருபத்தொம்பது நிமிசம் நாப்பத்தொரு செகண்டு. அஞ்சு வருசமா நான் இருபது செகண்டுக்கு மேல தவறுனதே இல்ல. அன்னைக்கும் தவறல.

பதினெட்டாவது கிலோமீட்டர்ல ஒருத்தர் விழுந்துட்டாரே, கேள்விப்பட்டீங்கல்ல?

அவரு என் மாப்ள. கூடப்பொறந்த தங்கச்சி புருசன். வேல்மயிலுன்னு பேரு.

இருங்க, நீங்க ரெண்டு முப்பத்தெட்டுல, அப்ப பதினெட்டுக்கு நீங்க வரும்போது எனக்குப் பின்னால ஏழு நிமிசம். அந்தக் கூட்டத்தத் தாண்டித்தான் வந்துருப்பீங்க. பாத்தீங்களா? நின்னீங்களா?

சரி, விடுங்க. நான் கேக்கக் கூடாது. யாராச்சும் பாத்துக்குவாங்கன்னுதான் எல்லாருக்கும் தோணும். தப்பே இல்ல.

மாப்ள ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டிருந்தாரு. திருமங்கலத்துல அவரத் தெரியாத பிள்ளைக இல்ல. நாப்பத்தி மூணு வயசு. நல்ல தாட்டியமான ஆளு. ஒரு சொட்டு சாராயம், பீடி சிகரெட்டு எதுவும் கெடையாது, அத நல்லா ஞாபகத்துல வச்சுக்கங்க. ஒரே கொறை, லேட்டா வர்ற பிள்ளைக்காக வீட்டு வாசல்ல வண்டிய நிப்பாட்டிக்கிட்டு நிப்பாரு. மூணு நிமிசம், நாலு நிமிசம். "மாப்ள, ஒரு பிள்ளைக்காக இருபது பிள்ளைக லேட்டாப் போகணுமா?"ன்னு கேப்பேன். "அது ஒரு கால்ல ஷூவப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு அழும் மச்சான், பாத்துட்டு எப்படி எடுக்குறது?"ம்பாரு. அந்தாளு அப்படி.

அவருக்குச் சக்கர வந்துச்சு. டாக்டரு நடக்கச் சொன்னாரு. கண்மாய்க் கரையில காலைல நடந்தாரு. நடந்தவரு மெதுவா ஓட ஆரம்பிச்சாரு. எனக்குச் சந்தோசம். நம்ம குடும்பத்துல ஓடுறவன் நான் ஒருத்தந்தானே, பேச ஆளு கெடச்சுச்சுன்னு சந்தோசம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மதுரையிலருந்து பஸ்ஸேறி வந்து அவரு கூட ஓடுவேன். "ஓடுறப்ப வேனுக்குள்ள பிள்ளைக போடுற சத்தம் கேக்காது மச்சான், மண்ட அமைதியா இருக்கு"ன்னு சொல்லுவாரு. அதுக்காகவே ஓடுனாரு. டைமு கியிமு அவருக்குத் தெரியாது. கடிகாரங் கூடக் கட்ட மாட்டாரு.

தை மாசம் ஒரு நாளு நான் முன்னால ஓடி, அவர இழுத்துக்கிட்டு, அஞ்சு கிலோமீட்டர முப்பத்தோரு நிமிசத்துல முடிக்க வச்சேன். முடிச்சிட்டுக் கரையிலயே மல்லாக்கப் படுத்துட்டாரு, சிரிச்சுக்கிட்டே. எனக்கு அப்பவே கணக்கு ஓட ஆரம்பிச்சிருச்சு. அஞ்சு கிலோமீட்டர் டைமு தெரிஞ்சா இருபத்தொண்ணுக்கு எம்புட்டு வரும்னு சொல்ல ஒரு கணக்கு இருக்கு தம்பி. சும்மா பெருக்குனா தப்பா வரும், தூரம் கூடக்கூட வேகம் கொறையும், அதுக்கும் சேத்து நாலு புள்ளி ஆறால பெருக்கணும். முப்பத்தொண்ண நாலு புள்ளி ஆறால பெருக்குங்க. நூத்தி நாப்பத்திரெண்டரை நிமிசம். ரெண்டு மணி இருபத்திரெண்டரை நிமிசம். நான் ஏழரை நிமிசம் விட்டுக் குடுத்துத்தான் ரெண்டரைன்னு வச்சேன். இத எத்தன பேர்ட்ட வேணா காட்டலாம். ஒருத்தராச்சும் தப்புன்னு சொல்லட்டும்.

அவருதான் மூணு மணி நேரக் கொடி கூட வர்றேன்னாரு. "மூணு மணி நேரம்னா கிலோமீட்டருக்கு எட்டு நிமிசம் முப்பத்திரெண்டு செகண்டு மாப்ள. அது ஓட்டமில்ல, கோயிலுக்குப் போற நட"ன்னேன். சிரிச்சாரு. "மச்சான், நான் பதினாலு கிலோமீட்டருக்கு மேல போனதே இல்லையே, அதுலயும் கடைசி ரெண்டு நடந்துல்ல வந்தேன்"னாரு. அது நெசந்தான். ஆனா ஓட்ட நாளன்னைக்குக் கூட்டத்தோட ஓடும்போது ஆளுக்கு ஒரு வேகம் வரும், அது எல்லாருக்கும் வரும். ஒங்களுக்கும் வந்துச்சுல்ல?

பேச்சி, அதான் என் தங்கச்சி பேச்சியம்மா, சோறு போட்டுக்கிட்டே சொன்னா. "அண்ணே, அவரு ஒன் பேச்சத் தட்ட மாட்டாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு"ன்னா.

"என் பேச்சக் கேட்டா என்ன பயம்?"னு கேட்டேன். அவ கொழம்ப ஊத்திட்டுப் போயிட்டா.

அன்னைக்குக் காலைல அஞ்சரைக்குக் கெளப்பி விடணும். ஒங்களுக்குத் தெரியுமே, நீங்களும் நின்னீங்களே. கொடியசைக்க வர வேண்டியவரு வரல. அஞ்சு அம்பத்திரெண்டுக்குத்தான் விட்டாங்க. இருபத்திரெண்டு நிமிசம். பங்குனி மாசம், வெயிலு எப்ப ஏறும்னு மதுரைக்காரனுக்குச் சொல்லணுமா? மத்தக் கொடிக்காரங்க கிலோமீட்டருக்குப் பத்துப் பதினஞ்சு செகண்டு கூட்டிக்கிட்டாங்களாம், வெயிலுக்காக. மூணு மணி நேரக் கொடிக்காரரு தன் ஆளுகள்ட்ட, "இன்னைக்கு மூணு மணி அஞ்சு நிமிசம்"னு சொல்லிட்டாராம். அப்படிச் சொன்னா அந்தக் கொடிக்கு என்ன அர்த்தம்? ரெண்டு முப்பதுன்னு எழுதி முதுகுல கட்டிட்டு ரெண்டு முப்பத்தஞ்சுக்குப் போனா அது ஏமாத்துறதுல்ல?

எனக்குப் பின்னால பதினோரு பேரு. மாப்ள எனக்கு நேர் பின்னால, ரெண்டு எட்டு தள்ளி. ஒரு பாலிடெக்னிக் டீச்சரம்மா இருந்துச்சு, எஸ்தர்னு பேரு. அது மாப்ள பக்கத்துல ஓடுச்சு. பத்து கிலோமீட்டர் வரைக்கும் கல்யாண வீடு மாதிரிப் பேசிக்கிட்டு வந்தாங்க. மாப்ள வேன் பிள்ளைக கதையா சொல்லிக்கிட்டு வந்தாரு. பத்தாவது கிலோமீட்டர் ஒரு மணி பத்து நிமிசம் அம்பத்திரெண்டு செகண்டு. ரெண்டு செகண்டுதான் பிசகு.

பன்னண்டுக்கு மேல பேச்சு கொறஞ்சுச்சு. அது எல்லாருக்கும் கொறையும்.

பதினாலுல தண்ணி வச்சிருந்தாங்க. மாப்ள நின்னு குடிக்கப் போனாரு. நின்னா நாப்பது செகண்டு போயிரும் தம்பி. "ஓடிக்கிட்டே குடிங்க மாப்ள"ன்னேன். ஓடிக்கிட்டே குடிச்சாரு, பாதி சட்டையில ஊத்திக்கிட்டாரு. பதினஞ்சுல, "மச்சான், கொஞ்சம் மெதுவாப் போவமா?"ன்னாரு. "மாப்ள, நான் ஒங்களுக்கு மட்டும் ஓடல, இன்னும் பத்துப்பேரு என்ன நம்பி வர்றாங்க, ஒங்களுக்கு முடியலைன்னா பின்னால நடந்து வாங்க"ன்னேன். சொன்னேன் தம்பி. நடந்து வாங்கன்னு சொன்னேன். எஸ்தரும் கேட்டுருக்கு, அத யாரும் பேச மாட்டேங்குறாங்க. "இல்ல மச்சான், வர்றேன்"னாரு. வந்தாரு.

பதினேழு தாண்டி, ஒரு பாலத்துல ஏறி எறங்குறோம். பின்னால இருந்து மாப்ள சத்தமாக் கேக்குறாரு, "பிள்ளைகள எல்லாம் எறக்கி விட்டாச்சா?"ன்னு.

எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். வேன் டிரைவருல்ல, ஜோக்கு அடிக்குறாருன்னு நெனச்சோம். திரும்ப ஒரு தடவ கேட்டாரு. "பின் சீட்டுல ஒரு பிள்ள இருக்குதா பாருங்க"ன்னாரு. அதுக்கும் ஒருத்தரு, "இருக்குது டிரைவரே, தூங்குது"ன்னாரு. பெரியாஸ்பத்திரி டாக்டரு அப்பறம் சொன்னாரு, ஒடம்புச் சூடு மூளைக்கு ஏறுனா அப்படித்தான் பேசுவாங்களாம். அது எனக்கு எப்படித் தெரியும்? நான் டைம் கீப்பரு.

பதினெட்டுக்கிட்ட அவரு நின்னுட்டாரு. நான் கவனிக்கல. பதினோரு பேரு காலடி, எதுத்தாப்புல ஸ்பீக்கருல பாட்டு, எப்படிக் கவனிக்கிறது? ஒருத்தர் நின்னா கேக்குமா? நீங்களே சொல்லுங்க.

நான் போயி முடிச்சேன். ரெண்டு இருபத்தொம்பது நாப்பத்தொண்ணு. கூட வந்தவங்க கையப் பிடிச்சுக்கிட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. ஒருத்தரு அழுதுட்டாரு, அம்புட்டுச் சந்தோசம். மொதத் தடவயா ரெண்டரைக்குள்ள வந்துருக்காரு. நான் கோட்டுக்கிட்டயே நின்னு மாப்ளைய எதிர்பாத்தேன். நடந்து வந்தாருன்னா மூணு கிலோமீட்டருக்கு முப்பத்தஞ்சு நிமிசம் ஆகும்னு கணக்கு. அதுவரைக்கும் சும்மா நிப்பானேன்னு பொங்கல் வாங்கிச் சாப்புட்டேன். நீங்களும் சாப்புட்டிருப்பீங்க, நல்ல நெய்ப்பொங்கல்.

முப்பத்தஞ்சு நிமிசம் ஆச்சு. வரல. நாப்பது ஆச்சு.

நெஞ்சுல குத்துற நம்பர் அட்டை இருக்குல்ல, அதுக்குப் பின்னால ஆபத்துக்கு யாரக் கூப்புடணும்னு எழுதச் சொல்லுவாங்க. மாப்ள என் நம்பர எழுதியிருந்தாரு. என் போனு பைக்குள்ள, பையி சாமான் வைக்கிற கூடாரத்துல. ஓடும்போது இடுப்புல எடைய வச்சுக்கிட்டு ஓட மாட்டேன். போயி எடுத்துப் பாத்தா பதினாலு தடவ கூப்புட்டிருக்கு. எல்லாம் எஸ்தரம்மா. அந்தப் பதினோரு பேர்ல அது மட்டும் நின்னுருக்கு. தன் ஓட்டத்த விட்டுட்டு, ரோட்டோரம் எளநி விக்கிற அம்மாட்டக் கொடத்துத் தண்ணிய வாங்கி அவரு மேல ஊத்தி, ஆம்புலன்சுல கூடவே ஏறிப் போயிருக்கு. நான் பொங்கல் சாப்புட்டுக்கிட்டிருந்த நேரத்துல மாப்ளைக்குச் சூடு நூத்தி ஏழு.

பதினோரு நாளு நெனவில்ல. சிறுநீரகம் போயிரும்னாங்க, போகல. உசுருக்கு உத்தரவாதம் இல்லன்னாங்க, பொழச்சுட்டாரு. ஆனா எந்திரிச்சு நின்னா நிக்க முடியல. இந்தப் பக்கம் சாயுறாரு, அந்தப் பக்கம் சாயுறாரு. பேச்சு கொழறுது. மூளையில, பின் மண்டைப் பக்கம், நடைய சமாளிக்கிற எடம் ஒண்ணு இருக்காம், சூட்டுல அது கெட்டுப்போச்சாம். சரியாகலாம், ஆகாமயும் இருக்கலாம்கிறாங்க. தெருவுல நடந்தா குடிச்சிட்டு வர்றாருன்னு பாக்குறாங்க தம்பி. வாழ்க்கையில ஒரு சொட்டுத் தொடாத மனுசன. புதுசா வந்த ஒரு கடைக்காரன், "காலங்காத்தாலயேவாண்ணே?"ன்னு கேட்டானாம்.

வேன இப்ப பேச்சி ஓட்டுறா. கல்யாணமான புதுசுலயே அவரு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்து லைசென்சு எடுத்து வச்சது உதவுச்சு. அதே பிள்ளைக, அதே தெருக. நல்லா ஓட்டுறான்னு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில வச்சு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. மூணாவது நாளு. ஐ.சி.யூ. வாசல்ல செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு, "அண்ணே, நீ திரும்பிப் பாத்தியா?"ன்னு கேட்டா.

"பாத்தேன்மா. கூட்டத்துல ஆளு தெரியல. பின்னால வர்றாருன்னு நெனச்சேன்"னு சொன்னேன்.

அப்படித்தானே சொல்ல முடியும்? வேற என்ன சொல்றது?

ஓட்டத்துல போட்டோ எடுப்பாங்கள்ல. நம்பரப் போட்டா நம்ம போட்டோ எல்லாம் வரும். ஒங்களுதும் பாத்துருப்பீங்க. பேச்சி மாப்ள நம்பரப் போட்டுப் பாத்துருக்கா. எதுக்குப் பாத்தாளோ, அவரு நல்லா இருந்த மொகத்தப் பாக்கணும்னு தோணியிருக்கும். அதுல ஒரு போட்டோ, பதினெட்டாவது கிலோமீட்டர் பலகைக்கிட்ட எடுத்தது. நான் முன்னால. கொடி. நான் கைக்கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குப் பின்னால எட்டுப் பத்து அடியில மாப்ள ரெண்டு கையையும் முழங்கால்ல ஊனிக் குனிஞ்சு நிக்குறாரு. நடுவுல ஒரு ஆளு இல்ல. கூட்டம் எல்லாம் எனக்குப் பக்கவாட்டுல ஓடுது. எஸ்தரம்மா திரும்பி மாப்ளையப் பாக்குது.

அந்தப் போட்டோவ எனக்கு அனுப்பி விட்டா. ஒரு எழுத்து கூட எழுதல. போட்டோ மட்டும். அன்னையிலருந்து பேச்சு இல்ல. நான் வீட்டுக்குப் போனா அவ அடுப்படிக்குள்ள போயிருவா.

போட்டோங்குறது ஒரு செகண்டு கூட இல்ல தம்பி, ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்கு. அத வச்சு ஒரு ஆளச் சொல்லலாமா? அடுத்த செகண்டு நான் திரும்பியிருந்தா?

திரும்பல. சரி. திரும்பல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல, என் வீட்டம்மாட்டக் கூட. அன்னைக்குக் காலைல, கெளம்புறதுக்கு முந்தி, கொடிக் குச்சிய என் முதுகுல இழுத்துக் கட்டி விட்டவரே மாப்ளதான். கட்டிக்கிட்டே, "மச்சான், முந்தாநாளு லேசாக் காய்ச்சல் அடிச்சுச்சு, பேச்சிட்ட சொல்லல, சொன்னா விட மாட்டா"ன்னாரு. "இப்ப இருக்கா?"ன்னேன். "இல்ல, மாத்திரை போட்டேன்"னாரு. "அப்ப என்ன, ஓடுங்க"ன்னேன். காய்ச்சக்காரன் வெயில்ல ஓடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பத்துப்பேருக்குச் சொல்லியிருக்கேன். ஆனா ரெண்டு மாசமாக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அட்ட எழுதி, அந்தாள ரெண்டரைக்குள்ள கொண்டு வந்து நிப்பாட்டி, நம்ம வீட்டு ஆளுகளுக்கெல்லாம் காட்டணும்னு இருந்தேன். அந்த நேரத்துல, இல்லன்னு அவரு சொன்னதுதான் காதுல விழுந்துச்சு.

கப்பலூர் தாண்டிருச்சா? டோல்கேட்டா இது? சரி, இன்னும் கொஞ்சந்தான்.

வீட்டுக்குப் போக முடியலைன்னதும், நான் ஞாயித்துக்கெழம கண்மாய்க் கரைக்குப் போவேன். காலைல பேச்சி அவர நடக்கக் கூட்டிட்டு வருவா. அவரு இடுப்புல ஒரு துண்டக் கட்டி, அத ஒரு கையில பிடிச்சுக்கிட்டு வருவா. நான் கருவேல மரத்துப் பின்னால நின்னு பாப்பேன். மதகுலருந்து கோயில் வேம்பு வரைக்கும் நூறு மீட்டர், நான் அளந்து வச்சது. ஜூன்ல அதுக்கு ஆறு நிமிசம் இருபது செகண்டு. ஜூலைல அஞ்சு பத்து. போன மாசம் மூணு நிமிசம் நாப்பது. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். ஆளு தேறி வர்றாரு தம்பி, கூட இருக்குறவங்களுக்கு அது தெரியாது. எண்ணுல பாத்தாத்தான் தெரியும். அத எப்படியாச்சும் பேச்சிட்ட குடுத்துட்டா அவளுக்கு ஒரு தெம்பா இருக்குமேன்னு நெனப்பேன்.

போன மாசக் கடைசி ஞாயித்துக்கெழம மாப்ள என்னப் பாத்துட்டாரு. "மச்சான்"னு கைய ஆட்டுனாரு. கை ஒரு பக்கம் போகுது, ஆளு ஒரு பக்கம் சாயுறாரு. பேச்சி பிடிச்சுக்கிட்டா. இனி ஒளிய முடியாது. கிட்டப் போனேன். பையிலருந்து அந்த நோட்ட எடுத்து, "பேச்சி, பாரு, ஜூன்ல ஆறு இருபது, இப்ப..."ன்னு ஆரம்பிச்சேன்.

அவ நோட்டப் பாக்கவே இல்ல. என் மொகத்தையே பாத்தா. அப்பறம், "நீ முன்னால நட"ன்னா.

ஆறு மாசத்துக்கு அப்பறம் பேசுறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. "எங்க?"ன்னேன்.

"நட. திரும்பாத. அவரு பின்னால வருவாரு. எந்த எடத்துல அவரு நிக்குறாருன்னு நீ சொல்லு."

"எதுக்கு... பேச்சி?"ன்னு மாப்ள கொழறிக் கேட்டாரு.

"நீங்க சும்மா நடங்க"ன்னா.

நடந்தேன். கரை மண்ணு. கீழ ரோட்டுல டிராக்டர் ஒண்ணு போய்க்கிட்டிருக்கு, டப டபன்னு சத்தம். மாப்ள செருப்புச் சத்தம் பின்னால வருது. ஒரு காலு இழுக்கும், ஒரு காலு பொத்துன்னு விழும். இழுக்கும், விழும். பதினாறு எட்டு இருக்கும். நின்னுச்சு.

தம்பி, டிராக்டர் சத்தத்துலயும் எனக்குத் தெரிஞ்சுச்சு. நம்ம பின்னால ஒருத்தர் வந்துக்கிட்டே இருந்து, அது நின்னா, காதுக்கு முன்னால முதுகுக்குத் தெரிஞ்சிரும். நான் இன்னும் ரெண்டு எட்டு வச்சேன். சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன். அப்பறம், "நின்னுட்டாரு"ன்னேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ரிங் ரோட்டுல?"

நான் அவளத் திரும்பிப் பாக்கல. கண்மாயத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். தண்ணி இல்ல, ஒரே ஆகாயத்தாமரை.

"கேட்டுச்சு தாயி"ன்னேன்.

திட்டுவான்னு நெனச்சேன். கல்லெடுத்து எறிஞ்சாலும் வாங்கிக்கிறதுன்னு நின்னேன். அவ மாப்ள கழுத்து வேர்வையத் துடைச்சு விட்டா. துடைச்சுக்கிட்டே, "திங்களும் வியாழனும் இவர ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க, எனக்கு வேன் இருக்கு, லீவு போட முடியல. நீ கூட்டிட்டுப் போ. ஒம்பது மணிக்கு வந்துரு"ன்னா. அம்புட்டுதான். அதுக்கப்பறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த இல்ல. நான் வரும்போது அவ வேனோட போயிருப்பா. மாப்ளைக்குச் சட்ட மாட்டி விட்டு, வாசல்ல நாற்காலி போட்டு ஒக்கார வச்சிட்டுப் போயிருப்பா.

நாலு வாரமாக் கூட்டிட்டுப் போறேன். பந்தப் பிடிக்கச் சொல்லுவாங்க, கோட்டு மேல நடக்கச் சொல்லுவாங்க. மாப்ள சிரிச்சுக்கிட்டே செய்வாரு. எம்மேல கோவமே இல்ல தம்பி. அவருக்கு அன்னைக்கு நடந்தது எதுவுமே ஞாபகமில்ல. பன்னண்டாவது கிலோமீட்டர் வரைக்கும் இருக்கு, அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிக் கூரைதான்.

ஆனா ஒண்ணு மட்டும் கேக்குறாரு. மூணு தடவ கேட்டுட்டாரு. "மச்சான், விழுறதுக்கு முன்னால நான் ஒங்களக் கூப்புட்டேனா?"ன்னு.

"தெரியல மாப்ள"ன்னு சொல்லிட்டேன்.

போன திங்கக்கெழமதான் எதுக்குக் கேக்குறாருன்னு சொன்னாரு. ஒவ்வொரு சொல்லா, வாயக் கோணிக் கோணிச் சொன்னாரு. "நான் கூப்புடாம விழுந்துருந்தா அது என் தப்பு மச்சான். ஒங்களுக்கு எப்படித் தெரியும்? பேச்சிட்ட நான் சொல்லிப் புரிய வச்சிருவேன். அதான் கேட்டேன்"னாரு.

கூப்புட்டாரு தம்பி. ஒரு தடவ. கத்தல. இப்ப நீங்க இருக்குற தூரத்துல இருக்குற ஆளக் கூப்புடுற மாதிரி, "மச்சான்"னாரு. அப்பறந்தான் காலடி நின்னுச்சு. நான் கடிகாரத்தப் பாத்தேன். ஏழு நிமிசம் நாலு செகண்டுன்னு இருந்துச்சு, அந்தக் கிலோமீட்டரு. ஒரு செகண்டு மிச்சம்னு நெனச்சேன். அதத்தான் நெனச்சேன்.

இன்னைக்கு வியாழன். இன்னைக்கும் கேப்பாரு.

திருமங்கலந்தானே? கொஞ்சம் கால எடுங்க தம்பி. எறங்கிக்கிறேன்.